ஊசி மட்டும் தரையில் கிடக்கக் கூடாது

என் அப்பா கும்பகோணத்தில் தையற்கடை வைத்திருந்தார். பத்தடிக்கு எட்டடி இருந்த அந்தக் கடையில் பகல் நேரத்தில் துடைப்பம் படாது. வெட்டு மேசைக்குக் கீழே சட்டைத் துணியின் ஓரங்களும், லைனிங் துண்டுகளும், நூல் சிக்கல்களும், காலருக்குள் வைத்துத் தைக்கிற கேன்வாஸின் பிறை வடிவ வெட்டுகளும் கணுக்கால் மூழ்குமளவுக்குக் கிடக்கும். துணி கொடுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர், "இதையெல்லாம் பெருக்கித் தள்ளக் கூடாதா?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே அளவெடுப்பார். தைத்த உடுப்பு உரியவர் கைக்குப் போய், அவர் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, அந்தத் துணியிலிருந்து விழுந்த ஒரு துண்டுகூடக் கடைவாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. அக்குளில் பிடிக்கிறது என்று திரும்பி வந்தால் ஒட்டுக் கொடுக்க வேண்டும். ரவிக்கைக்கு முடிகயிறு கேட்டால் அதே துணியில் நாடா உருட்ட வேண்டும். அந்த நிறமும் அந்த நெசவும் அந்த நேரத்தில் வேறு எங்கும் கிடைக்காது.

ஆனால் இரவில் கடை சாத்துவதற்கு முன் அவர் ஒரு நாளும் தவறவிடாத வேலை ஒன்று உண்டு. பழுதான ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருப்பார். அதைத் துணிக் குவியலின் மேலும் இடுக்குகளிலும் மெல்ல இழுத்துக்கொண்டு போவார். குண்டூசிகளும் உடைந்த மிஷின் ஊசி முனைகளும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடி, கத்தரிக்கோலைச் சுவரில் அதற்குரிய ஆணியில் மாட்டி, பாதி வெட்டிய துணியோடு மேசையை ஒரு பழைய வேட்டியால் போர்த்திவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். "தரையில துணி கிடக்கலாம் பாப்பா, ஊசி கிடக்கக் கூடாது" என்று அவர் சொன்னது, அந்தக் குவியலில் வெறுங்காலோடு விளையாடிய எனக்காகச் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஓவியம் வரையத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தக் கடைத்தரையில் கற்றதை என் ஓவிய அறைக்குக் கொண்டுவர எனக்கு அதில் பாதிக்காலம் பிடித்தது.

நான் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து உருவான கல்லூரி அது. அங்கே மாலை மணி அடித்ததும் அவரவர் இடத்தைத் துடைத்து, வண்ண டியூப்களைப் பெட்டியில் அடுக்கி, தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுநாள் அதே இடத்தில் இன்னொருவர் உட்காருவார். பலரும் பங்கிட்டுக்கொள்ளும் கூடத்தில் அப்படி ஒரு முறை இருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை நான் செய்தது. பொது இடத்துக்கான மரியாதையை ஓவியனுக்குரிய ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டு, தனியாக வேலை செய்யத் தொடங்கிய பிறகும் பத்து ஆண்டுகள் அதையே கடைப்பிடித்தேன். ஒவ்வொரு இரவும் என் மேசை பளபளப்பாக இருக்கும். ஒவ்வொரு காலையும் டியூப்களை எடுத்து, தாள்களைப் பிரித்து, நேற்று எந்த எண்ணத்தோடு நிறுத்தினேன் என்று நினைவுபடுத்திக்கொள்ள முக்கால் மணி நேரம் போய்விடும்.

நேரம் போனதுகூடப் பெரிய இழப்பு இல்லை. அந்தப் பத்து ஆண்டுகளின் படங்களைப் பின்னாளில் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரும்பாலானவை ஒரே நாளில், ஒரே அமர்வில் முடியக்கூடிய அளவில் இருந்தன. இரவில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற கட்டாயம், நான் எவ்வளவு பெரிய காரியத்தைத் தொடங்கலாம் என்பதை எனக்குத் தெரியாமலே தீர்மானித்துக்கொண்டிருந்தது. நாலு வாரம் அரைகுறையாகக் கிடந்து ஊற வேண்டிய எண்ணம் எதுவும் அந்த மேசைக்கு வரவே இல்லை.

இந்தப் பழக்கத்தை நானாக விட்டிருப்பேனா என்று தெரியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் அதை முறித்தது. அப்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். முதல் தேதி இரவு அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர்களிடம் போனோம். தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டுகளில் டிஷ்யூ தாள் இடையிட்டு நான் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த நாற்பது தாள் ஓவியங்களும் ஒரே கட்டியாகியிருந்தன. பரணில் தூக்கிப் போட்டிருந்த அரைகுறை கேன்வாஸ்கள் மட்டும் அப்படியே இருந்தன. முடித்த வேலைகளைத் தரைக்கு அருகில் வைக்கக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றேன். இன்றுவரை இடுப்புக்குக் கீழே நான் எந்த முடிந்த படத்தையும் வைப்பதில்லை.

அதற்குப் பின் ஒன்றரை மாதம் வீட்டில் ஒழுங்கு என்பதற்கே வழியில்லை. நனைந்த தாள்கள் கயிற்றிலும், நாற்காலி முதுகிலும், மேசையிலும், பாயிலும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியும் நனைந்து செங்கல் போலாகியிருந்தது. அதன் தாள்களைக் கலவைக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் உலர வைத்திருந்தேன். பக்கத்தில், அக்ரிலிக்கில் பழுப்பு வண்ணம் தடவிய ஒரு பலகை ஈரமாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஒரு நாட்காட்டித் தாள் எழும்பி, எழுத்துள்ள பக்கம் கீழாக அந்தப் பலகையில் விழுந்திருக்கிறது. நான் பார்க்கும்போது வண்ணம் காய்ந்து தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் தொட்டு விரலால் தேய்த்தேன். தாள் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வந்தது. மை மட்டும் வரவில்லை. பழுப்புக்குள் சிவப்பில் 17 என்ற எண் இடவலம் மாறி நின்றது. அதன் கீழே நல்ல நேரமும் இராகு காலமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஓடின. எண்ணின் ஒரு கால், தண்ணீர் ஊறிய இடத்தில், கரைந்து கீழே வழிந்திருந்தது. அந்தப் பலகையை ஜன்னலோரம் கொண்டுபோய் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈர அக்ரிலிக்கில் அச்சுத்தாளைக் கவிழ்த்து ஒட்டி, உலர்ந்த பின் நனைத்துத் தாளை மட்டும் தேய்த்து எடுத்தால் அச்சு மை வண்ணப் படலத்திலேயே தங்கிவிடும் என்பது ஓவியர்கள் பலருக்கும் தெரிந்த உத்திதான். எனக்கு அது அன்றுவரை தெரியாது. எந்த வகுப்பிலும் கற்றிராத அதை, எடுத்து வைக்கப்படாத ஒரு மேசை எனக்குக் கற்றுக் கொடுத்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் நான் செய்த படங்கள் எல்லாம் அந்தப் பலகையிலிருந்து கிளைத்தவை.

அதற்குப் பின்தான் மற்ற ஓவியர்களின் அறைகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிரான்சிஸ் பேக்கன் லண்டனில் தெற்கு கென்சிங்டனில் உள்ள ரீஸ் மியூஸ் சந்தில் 1961-லிருந்து 1992-ல் இறக்கும்வரை ஒரே சிறு அறையில் வரைந்தார். கிழித்த புத்தகப் பக்கங்கள், மடங்கிய புகைப்படங்கள், கத்தியால் கிழித்த கேன்வாஸ்கள், காய்ந்த வண்ண டப்பாக்கள் என்று அந்தத் தரை மேடிட்டுக் கிடந்தது. சுவரையும் கதவையுமே அவர் வண்ணம் கலக்கும் தட்டாகப் பயன்படுத்தினார். அவர் பிறந்த ஊரான டப்ளினிலுள்ள ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு 1998-ல் அந்த அறை நன்கொடையாகக் கிடைத்தபோது, அதை இடம் மாற்றுவதற்குத் தொல்லியல் அறிஞர்களும் வந்தார்கள். அகழாய்வுக் குழியில் செய்வதுபோல ஒவ்வொரு பொருளும் எங்கே, எதன் மேல், எந்தக் கோணத்தில் கிடந்தது என்று வரைந்து குறித்துக்கொண்டு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களையும், சுவர்களையும், கதவுகளையும், தூசியையும்கூட எடுத்துச் சென்று, 2001-ல் டப்ளினில் அப்படியே திரும்ப அமைத்தார்கள்.

அந்தப் பொருள்களில் வெட்டிய கார்டுராய் துணித் துண்டுகளும் இருந்தன என்று படித்தபோது எனக்கு அப்பாவின் கடைத்தரை நினைவுக்கு வந்தது. பேக்கன் அந்தத் துணியை ஈர வண்ணத்தில் அழுத்தி எடுத்து, அதன் வரிகளைப் படத்தில் பதியவைப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கந்தல். அவருக்கு அது தூரிகை.

தொல்லியலாளர்கள் பொருள்களோடு அவை கிடந்த இடத்தையும் குறித்துக்கொண்டார்களே, அதன் முக்கியத்துவத்தை நான் என் வீட்டிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். 2018 பொங்கல் சமயம் அது. அதற்குள் மேற்கு மாம்பலத்தில் முதல் தளத்துக்குக் குடி மாறியிருந்தோம். ஏழடி நீளப் படம் ஒன்றின் நடுவில் இருந்தேன். போகிக்கு முதல் நாள் நான் வெளியூர் போயிருந்தபோது, என் மாமியார், உறவினர்கள் வரப்போகிறார்களே என்ற அக்கறையில், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு என் அறையைச் சுத்தம் செய்துவிட்டார். ஒரு துண்டுத் தாளைக்கூட அவர் எறியவில்லை. தாள்களை அளவுவாரியாகவும், டியூப்களை நிறவாரியாகவும் அடுக்கி, அட்டைப்பெட்டிகளில் போட்டு, பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதியும் வைத்திருந்தார். அவ்வளவு அன்பாகச் செய்த வேலை அது.

ஆனால் எந்தத் தாளின் மேல் எந்தத் தாள் கிடந்தது, படத்தின் இடது மூலைக்கென்று நான் ஒதுக்கியிருந்த ஏழெட்டுத் துண்டுகள் எவை, பச்சையா காவியா என்று முடிவெடுக்காமல் எதிரெதிரே வைத்திருந்த இரண்டு துணிகள் எவை என்பதெல்லாம் பெட்டிக்குள் போகவில்லை. அந்தப் படத்துக்குத் திரும்ப எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. திரும்பியதும் வேறு படமாகத்தான் அது வளர்ந்தது.

அத்தையிடம் கோபப்பட மனம் வரவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த முறை அவர் என் அறை வாசலில் நின்று, "ஏம்மா, இவ்வளவு இரைச்சலுக்கு நடுவுல எப்படிம்மா உனக்கு வேலை ஓடுது?" என்று கேட்டார். பொருள்கள் இறைந்து கிடப்பதைத்தான் அவர் இரைச்சல் என்றார். நல்ல சொல் அது. "நீங்க பூ கட்டும்போது மல்லியும் மருவும் கனகாம்பரமும் தனித்தனியா முறத்துல பரப்பி வெச்சிருப்பீங்களே அத்தை, பாதியில யாராவது எல்லாத்தையும் வாரி ஒரே கூடையில போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பூ கட்டி முடித்துவிட்டு வந்து, "உன் அறைக்கு எப்ப முறத்தைத் தட்டலாம்னு நீயே சொல்லு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. ஒரு படம் முடிந்தால், "முறத்தைத் தட்டலாம் அத்தை" என்று சொல்வேன். இருவருமாகச் சேர்ந்து சுத்தம் செய்வோம்.

வீட்டிலேயே வரைகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தப் பேச்சுவார்த்தைதான் எல்லாவற்றையும்விட முதலில் தேவை என்று நினைக்கிறேன். இறைந்து கிடக்கத் தனியிடம் கிடைப்பதே அரிது. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில்தான் வாழவும் வேலை செய்யவும் ஓரிடத்தைத் தேடிக்கொண்டார்கள். அப்படி நிலம் வாங்க முடியாத நம்மில் பலருக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். மூலையாக இருந்தாலும் அதன் எல்லையைத் தரையில் ஒரு கோடாக வரைந்துவிடுவது நல்லது. நான் வாசற்படிக்கு உள்ளே அரையடி தள்ளி ஒரு பட்டை ஒட்டியிருக்கிறேன். கோட்டுக்கு உள்ளே யாரும் எதையும் நகர்த்துவதில்லை. கோட்டுக்கு வெளியே என் பொருள் ஒன்றுகூட வருவதில்லை. இரண்டாவதை நான் காப்பாற்றுவதால்தான் முதலாவதை அவர்கள் காப்பாற்றுகிறார்கள்.

இரவில் மேசையை ஒதுக்குவதற்குப் பதிலாக அப்பாவின் வழியையே பின்பற்றுகிறேன்: ஒரு பழைய பருத்தி வேட்டியை எடுத்து மேலே போர்த்திவிடுகிறேன். ஈர வண்ணம் உள்ள நாளில் நாலு மூலைக்கும் நாலு டப்பாவை நிறுத்தி அதன் மேல் வேட்டியை விரித்தால் துணி வண்ணத்தைத் தொடாது. போர்த்துவதற்கு முன் கைப்பேசியில் மேலிருந்து நேராக ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பழக்கம் 2018-க்குப் பின் வந்தது. எவராவது நகர்த்தினாலோ, நானே இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் போனாலோ, எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது அந்தப் படத்தில் இருக்கும்.

பொருள்கள் அலையலாம், கருவிகள் அலையக் கூடாது. அப்பாவின் கத்தரிக்கோல் எப்போதும் அதன் ஆணியில்தான் இருக்கும், குவியலுக்குள் அவர் அதைத் தேடி நான் பார்த்ததே இல்லை. என் அறையிலும் தூரிகைகள், கலவைக் கத்திகள், கட்டர், ஸ்கேல் ஆகிய நான்குக்கும் சுவரில் நிலையான இடம் உண்டு. பொருள்கள் சிதறிக் கிடப்பதால் யோசனை பிறக்கிறது என்பது என் அனுபவம். தூரிகை காணாமல் போவதால் எரிச்சல் மட்டும்தான் பிறக்கிறது. தூரிகையை உடனுக்குடன் கழுவிவிடுங்கள். அக்ரிலிக் சில நிமிடங்களிலேயே முடிக்குள் இறுகிவிடும், அதற்குப் பின் மீட்பது கடினம். மயிர்ப்பகுதி கீழே படும்படி டம்ளரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் வளைந்துபோன முனை நிமிராது.

இனி ஊசிகளைப் பற்றி, அதாவது குவியலுக்குள் மறைந்திருக்கிற ஆபத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை எண்ணினால் இன்றும் பதற்றமாக இருக்கிறது. ஒரு கத்திரி வெயில் காலத்தில், ஆளிவிதை எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட் துணிகளைக் கசக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தேன். மதியம் ஏதோ எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. அடுப்படியில் ஒன்றுமில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தபோது, சோறு வடித்த பாத்திரத்தைத் தொட்டதுபோலச் சுட்டது. துணியை விலக்கியதும் நடுவிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தீக்குச்சியோ மின்கசிவோ இல்லாமலே அது நடந்தது. ஆளிவிதை எண்ணெய், தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இறுகுகிறது, அப்போது வெப்பத்தை வெளியிடுகிறது. துணி விரிந்திருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். கசங்கிய குவியலில் அது உள்ளேயே சேர்ந்து, துணி தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஏறிவிடும். அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அந்தப் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். இப்போது எண்ணெய்த் துணிகள் ஒவ்வொன்றும் தண்ணீர் நிரப்பிய, இறுக்கமான மூடியுள்ள தகர டின்னுக்குள் உடனே போய்விடும்; எறிவதற்கு முன் மாடியில் நிழலான கொடியில் ஒன்றோடொன்று படாமல் விரித்து விறைப்பாகும்வரை காயவிடுவேன். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிற யாராக இருந்தாலும், அறை எவ்வளவு இறைந்து கிடந்தாலும், இந்த ஒன்றில் மட்டும் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைனை டீ டம்ளரில் ஊற்றுவது இன்னொரு ஊசி. என் மகனுக்கு நாலு வயதிருக்கும்போது அந்த டம்ளரைக் கையில் எடுத்துவிட்டான். வாடை பிடிக்காமல் கீழே வைத்தான், அவ்வளவுதான். அன்று முதல், சமையலறைப் பாத்திரம் ஒன்றுகூட என் அறைக்குள் வருவதில்லை. என் அறைப் பாத்திரம் எதுவும் அங்கே கழுவப்படுவதில்லை. குடிக்கும் தண்ணீர் வாசற்கோட்டுக்கு வெளியே, மூடிய பாட்டிலில் இருக்கும். காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் போன்ற வண்ணங்களின் தூளும் பாஸ்டல் என்ற வண்ணக் கட்டிகளின் தூளும் மூச்சில் போகக் கூடாதவை. ஆகவே அறையைக் கூட்டும்போது உலர்ந்த துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். கட்டரில் ஒடித்துப் போடும் பிளேடு முனைகளுக்கு மூடியில் கீறல் போட்ட ஒரு டப்பா உண்டு.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் தனிப் பரீட்சை. குவியலின் அடியில் கிடக்கும் தாள்களில் பூஞ்சை பூத்துவிடும். மைதாப் பசை தடவிய துண்டுகளை வெள்ளிப்பூச்சி அரித்துவிடும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம் என்பதால் கையுறையோடு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு, நானும் அதையே செய்கிறேன். மழைக்காலம் முழுக்கத் தாள்கள் தரையில் கிடக்காது. கொடி கட்டிக் கிளிப்பில் தொங்கும். தொங்கினாலும் எனக்கு அவை இறைந்து கிடப்பவைதான், கண்ணுக்கு எல்லாம் தெரிகிறதே!

இதையெல்லாம் சொல்வதால், குப்பை சேர்வதே கலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நேர்கோடுகளும் வண்ணக் கட்டங்களுமாக வரைந்த டச்சு ஓவியர் பீட் மோந்திரியான் தம் பாரிஸ் அறையை வெள்ளைச் சுவர்களும் அளந்து ஒட்டிய வண்ண அட்டைகளுமாக, தம் ஓவியத்தைப்போலவே வைத்திருந்தார். அந்த ஓவியங்கள் அப்படிப்பட்ட அறையில்தான் பிறந்திருக்க முடியும். அதே பாரிஸில், மோன்பர்னாஸ் பகுதியில், சிற்பி ஆல்பர்ட்டோ ஜியாக்கோமெட்டி 1926-லிருந்து 1966-ல் இறக்கும்வரை, பிளாஸ்டர் தூசி படிந்த ஒரு சின்னஞ்சிறு கூடத்திலேயே உழைத்தார். சுவர்களிலேயே வரைந்தார், பின்னாளில் புகழும் பணமும் வந்தபோதும் அந்த இடத்தை விடவில்லை. உங்கள் வேலை எதைக் கேட்கிறது என்று பார்த்து அதற்கேற்ற அறையைக் கொடுக்க வேண்டும். துண்டுகளை ஒட்டியும் அடுக்கியும் வேலை செய்கிற எனக்கு, துண்டுகள் ஒன்றையொன்று தற்செயலாகச் சந்திக்கும் தரை வேண்டும்.

எனக்கும் ஒரு காலத்தில் அளவு தவறியது. 2019 வாக்கில், அறை இறைந்து கிடப்பதே வேலை நடப்பதற்கு அடையாளம் என்று நம்பி ஓராண்டு எதையுமே அகற்றாமல் இருந்தேன். இருப்பது தெரியாமல் டைட்டானியம் வெள்ளையை மூன்று முறை வாங்கினேன். காலையில் அறைக்குள் நுழையவே அலுப்பாக இருந்தது. சுற்றிலும் கிடந்தவற்றில் பாதி, முடிந்துபோன படங்களின் மிச்சம். அவை எதையும் எனக்குச் சொல்லவில்லை. அப்போது கண்டுபிடித்த சோதனை ஒன்று இன்னும் பயன்படுகிறது: ஒரு துண்டைக் கையில் எடுத்ததும், இது இப்போது நடக்கிற எந்த வேலைக்கு என்று பதில் உடனே வந்தால் அது தரையிலேயே இருக்கலாம். பதிலுக்கு யோசிக்க வேண்டியிருந்தால் அரிசிச் சாக்குக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படம் முடிந்ததும் மிச்சத்தைச் சாக்கில் கட்டி, படத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதிப் பரணில் போடுகிறேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், கை தானாகச் சிலவற்றை எடுத்துக்கொள்ளும். மீதி பழைய பேப்பர் கடைக்குப் போகும். அப்பாவின் துணிகளுக்கும் இப்படித்தான், உடுப்பு உரியவரிடம் போன பிறகுதான் விடுதலை.

அப்பா கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. போன மாசி மாதம் கண் மருத்துவத்துக்காக எங்களோடு வந்து பத்து நாள் தங்கினார். ஒருநாள் மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றவர், தரையில் ஒட்டியிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். ஸ்டூலைத் துடைத்து உட்கார வைத்தேன். காலடியில் கிடந்த ஒரு துணித் துண்டைக் குனிந்து எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, "பாப்ளின்" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய காந்தத்தைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, தாள்களின் மேலும் இடுக்குகளிலும் மெல்ல இழுத்தார். மேசைக்கால் ஓரத்திலிருந்து ஒரு பிளேடு முனை ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.